முள் கட்டாத தூண்டில்

தூத்துக்குடியில் கப்பல்காரன் பெண்டாட்டி என்றால் ஊருக்கு ஒரு நினைப்பு உண்டு. கழுத்து நிறைய நகை, அறைக்கு அறை ஏசி, வேலை வெட்டி கிடையாது, மெத்தையில் சாய்ந்து சீரியல் பார்த்துக்கொண்டு கிடப்பாள் என்று. ஜெஸ்லினைப் பற்றியும் அப்படித்தான் பேசினார்கள். பேசுகிறவர்களைப் பிடித்து அந்த வீட்டுக்குள் ஒரு வாரம் அடைத்துப் போட்டால் தெரியும் சங்கதி.

அவள் பிறந்தது புன்னைக்காயலில். ஆறு கடலில் விழுகிற ஊர். அப்பா நாட்டுப்படகில் கைத்தூண்டில் போடுகிறவர். அவருக்கு மூன்றும் பெண்கள், இவள் கடைக்குட்டி. பி.காம். முடித்து, துறைமுகம் போகிற ரோட்டில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் பஸ்ஸைப் பிடித்துப் போவதும் சாயங்காலம் பஸ்ஸைப் பிடித்து வருவதும் அவளுக்குப் பிடித்திருந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் அன்றைக்கு ராணிதான். அந்தச் சமயத்தில் வந்த சம்பந்தம் கிளைட்டன். டேங்கர் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். ஆள் பார்க்க லட்சணமாக இருப்பான், பேச்சும் இதமான பேச்சு. கல்யாணம் முடிந்ததும், நீ எதுக்கு வெயிலில் அலையணும் என்றான். அவளும் வேலையை விட்டாள். அதில் ஒரு தப்பும் இருப்பதாக அப்போது அவளுக்கே தோன்றவில்லை.

முன்பெல்லாம் கப்பலுக்குப் போனவனிடமிருந்து ஒரு போன் வருவதற்குப் பெண்கள் தவம் கிடப்பார்கள். கப்பல் ஏதாவது துறைமுகத்தில் நின்றால் பேச்சு, இல்லையென்றால் மாதாவிடம் மன்றாட்டு. இப்போது அப்படியா? நடுக்கடலுக்கே நெட் வந்துவிட்டது. கிளைட்டனின் கப்பலுக்கும் வந்தது. அடுத்த லீவில் வந்தவன் முதல் வேலையாக வீட்டில் கேமரா மாட்டினான். வாசலுக்கு ஒன்று, ஹாலுக்கு ஒன்று, குசினிக்கு ஒன்று, பின்வாசலுக்கு ஒன்று. பொம்பளை தனியாக இருக்கிற வீடு, ஒரு பாதுகாப்பு வேண்டாமா என்றான். கேட்டவர்களெல்லாம் மெச்சினார்கள். இரண்டு தெரு தள்ளி இருக்கிற கிளைட்டனின் அக்கா டயானா, என் தம்பியைப் போல ஒருத்தன் கிடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும் ஏளா என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். மீன்காரியிடம் நின்று பேசினால் போன் வரும், யார் அது, புது ஆளா இருக்கே என்று. மத்தியானம் சோபாவில் கண்ணயர்ந்தால் போன் வரும், உடம்புக்கு முடியலையா என்று. சாப்பிட உட்கார்ந்தால், என்ன குழம்பு என்று. ஒருநாளும் கோபமாகக் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்பான். அந்தச் சிரிப்புதான் பெரிய கொடுமை. கத்துகிறவனிடம் பதிலுக்குக் கத்தலாம், கொஞ்சுகிறவனிடம் என்ன சொல்லிச் சண்டை போடுவது? வெளியே போகக் கூடாது என்றும் அவன் சொன்னதில்லை. தாராளமாகப் போகலாம். எங்கே, யாரோடு, எப்போது திரும்புவாய் என்று சொல்லிவிட்டால் போதும். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் போகிற ஆசையே விட்டுப்போய்விடும். பிறகு போய்த்தான் என்ன செய்ய என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிடுவாள்.

ஒரு தடவை புன்னைக்காயல் போயிருந்தபோது அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். மூச்சு முட்டுதும்மா என்றாள். அம்மா மீனை அரிந்துகொண்டே கேட்டாள்.

“அடிக்கானா?”

“இல்ல.”

“குடிச்சிட்டுக் கெடக்கானா? வேற பொம்பளை சகவாசம்?”

“அதெல்லாம் இல்லம்மா.”

“பின்ன என்னட்டி ஒனக்கு?”

மடியில் ஒரு பிள்ளை இருந்தால் இந்தக் கிறுக்கெல்லாம் வருமா என்று அம்மாவே ஒரு முடிவு கட்டி, வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாள். விஷயம் அதோடு முடிந்தது.

அந்த வீட்டு ஹாலில் சுவர் முழுக்க ஒரு கண்ணாடி அலமாரி. ஒவ்வொரு தடவையும் கிளைட்டன் கொண்டுவந்ததெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். குடை பிடித்த ஜப்பான் பொம்மை, துபாய் ஒட்டகம், மூடி திறக்காத விஸ்கி பாட்டில்கள். நியூசிலாந்தில் வாங்கிய ஒரு ஃப்ளை ராடும் அதில் இருந்தது. மலையோடைகளில் ட்ரவுட் மீன் பிடிக்கிற தூண்டில். நாலு துண்டாகக் கழற்றி நீளக் குழலுக்குள் வைத்திருக்கும். வருகிறவர்களிடமெல்லாம் அதை எடுத்துக் காட்டிப் பீற்றிக்கொள்வான். இது துரைமார் விளையாட்டு, இதுக்கு இரையே கிடையாது, இறகையும் நூலையும் வச்சுக் கட்டின பொய் ஈதான், அதை நெசமான ஈ வந்து உக்காருத மாதிரி தண்ணிமேல விழ வைக்கணும், லேசுப்பட்ட காரியமில்லை என்பான். அவன் அதை வைத்து ஒருநாளும் வீசினது கிடையாது. குழலைத் திறப்பான், காட்டுவான், மூடுவான். அதைத் தூசி தட்டுகிற பாக்கியம் மட்டும் ஜெஸ்லினுக்கு.

இதை எப்படித்தான் வீசுவார்களோ என்று ஒரு மழைநாள் மத்தியானம் போனில் தேடிப் பார்த்தாள். ஒரு வீடியோ வந்தது. நாற்பது நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, எட்டிக் குதித்தால் தாண்டிவிடலாம் போன்ற சின்ன ஓடையில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள். இரண்டு பக்கமும் மரம் கவிந்திருக்கிறது. ராடை முன்னும் பின்னும் அசைக்கிறாள். லைன் சுருள் பிரிந்து போய்த் தண்ணீரில் விழுகிறது, மறுபடி எடுக்கிறாள், மறுபடி போடுகிறாள். ஜெஸ்லின் மீனைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணை யாருமே கூப்பிடவில்லை, அதைத்தான் பார்த்தாள். எவ்வளவு நேரம் நின்றாலும், எங்க நிக்க, என்ன செய்த என்று கேட்க ஒரு நாதி இல்லை. வீடியோ எடுத்தவன் ஒருத்தன் பக்கத்தில் நின்றிருப்பானே என்றால், அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. “எனக்கு இப்படி ஒரு எடம் வேணும்” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் ஹால் கேமராவுக்குக் காதும் உண்டு என்பது ஞாபகம் வந்து போனைக் கவிழ்த்து வைத்தாள். நல்லவேளை, அந்த நேரம் கிளைட்டன் இன்ஜின் ரூமில் இருந்திருக்கிறான். போன் வரவில்லை.

மொட்டைமாடியில் கேமரா கிடையாது. உப்புக்காற்றில் சீக்கிரம் கெட்டுப்போகும் என்று அங்கே மாட்டவில்லை. மறுநாள் தூசி தட்டுகிற சாக்கில் குழலைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய், ராடை எடுத்துக்கொண்டு, வெறுங்குழலைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். துணிக்கூடையில் ஈரப் போர்வைக்கு அடியில் ராடையும் லைன் சுற்றின ரீலையும் வைத்து, ஒன்றும் அறியாதவள் போல மாடி ஏறினாள். தன் வீட்டுச் சாமானைத் தானே திருடுகிறோமே என்று படியில் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வீசினாள். லைன் தலையில் விழுந்தது. இன்னொரு தடவை வீசினாள். கழுத்தைச் சுற்றிக்கொண்டது. சவத்தெளவு, இது என்னடா கூத்து என்று இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் சின்ன வயதில் அப்பாவோடு கரையில் நின்று கைத்தூண்டில் எறிந்தவள்தான். அதில் நூல் நுனியில் ஈயக்கட்டி இருக்கும். சுழற்றி விட்டால் ஈயம் தானே நூலை இழுத்துக்கொண்டு போய் விழும். இதில் நுனியில் ஒன்றுமே இல்லை. அப்புறம் எது போய் விழும்? இந்த மூதிக்கு ஈயம் கட்டாததுதான் குறை என்று முடிவு செய்தாள். அடுத்த தடவை புன்னைக்காயல் போனவள் அப்பாவின் தூண்டில் பெட்டியிலிருந்து ஒரு ஈயக்கட்டியைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தாள். அதைக் கட்டி, கடலில் எறிகிற அதே வேகத்தில் ஓங்கி வீசினாள். ஈயம் பின்னால் போய், சுற்றிக்கொண்டு வந்து, பிடரியில் விட்டது ஒரு போடு. தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ட்ரவுட் தூண்டிலில் ஈயக்கட்டி கட்டி மண்டை வீங்கினவர்கள் மலைநாட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அதற்கு நம் கடற்கரையில் பிறந்திருக்க வேண்டும்.

சாயங்காலமே போன் வந்தது. ஏன் பின்தலையைப் பிடிச்சிக்கிட்டே நடக்க என்றான். குளியலறையில் வழுக்கிவிட்டது என்றாள். பதறிப்போனான். அடுத்த நாளே வழுக்காத ரப்பர் விரிப்பு பார்சலில் வந்து இறங்கியது. அதைக் குளியலறையில் விரித்துவிட்டு அதன்மேலேயே நின்று ஜெஸ்லின் அழுதாள். இவ்வளவு பிரியமாக இருக்கிறவனிடம் பொய் சொல்கிறோமே என்று ஒரு பக்கம், ஒரு அடி பட்டுக்கொள்ளக்கூட நமக்கென்று தனியாக இடமில்லையே என்று ஒரு பக்கம்.

போகப் போக விஷயம் பிடிபட்டது. இதில் லைன்தான் பாரம். தடிமனான அந்த லைனை முதலில் பின்னால் எறிய வேண்டும். கையைச் சட்டென்று நிறுத்த வேண்டும். லைன் பின்னால் நீண்டு நேராகும்வரை பொறுக்க வேண்டும். அப்புறம்தான் முன்னால் தள்ள வேண்டும். அந்த நடுவில் பொறுக்கிற கொஞ்ச நேரம்தான் எல்லாமே. அதுதான் அவளுக்கு வரவே மாட்டேன் என்றது. போன் அடித்தால் ஓட வேண்டும், எடுக்கத் தாமதமானால் காரணம் சொல்ல வேண்டும் என்றே பழகின உடம்பு, எதையும் நிறுத்திப் பொறுக்கிற வழக்கத்தையே மறந்திருந்தது. தோளைக் குலுக்குவாள், அவசரப்படுவாள், லைன் சாட்டை மாதிரி சொடுக்கும். ஒருநாள் காலையில் எப்படியோ பொறுத்துவிட்டாள். பின்னால் போன லைன் நேராகிக் கையை மெதுவாக இழுத்தது. முன்னால் தள்ளினாள். நீண்டு போய், செம்பருத்தித் தொட்டிக்கு அந்தப்புறம் ஓசையில்லாமல் படுத்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

முள்ளை அவள் கட்டவில்லை. பழகுகிறவர்கள் முள்ளுக்குப் பதிலாக நுனியில் கொஞ்சம் கம்பளி நூலைக் கட்டிக்கொள்ளுங்கள், கண்ணைக் குத்திக்கொள்ளாதீர்கள் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். பழைய ஸ்வெட்டரிலிருந்து சிவப்பு நூலைப் பிய்த்துக் கட்டிக்கொண்டாள். சின்ன ஓடையில் தலைக்குமேல் கிளை இருக்கும், ராடைத் தூக்கி வீச முடியாது என்பதும் வீடியோவில்தான் தெரிந்தது. உடனே துணிக்கொடியில் சேலைகளை வரிசையாகத் தொங்கவிட்டாள். அதுதான் காடு. சேலைக்கு அடியில் குனிந்து, பக்கவாட்டில் தணித்து வீசிப் பழகினாள். பின்னால் வீச இடமே இல்லாவிட்டால் லைனைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே உருட்டிப் போடுகிற வித்தை ஒன்று உண்டு. ஈரத் தரையில் அதையும் பழகினாள். சேலைகளுக்கு நடுவில் நிற்கும்போது துறைமுகத்துக் கிரேன்கூடக் கண்ணில் படாது. அந்தச் சேலைக் காட்டுக்குள் அவள் யாருக்கும் பெண்டாட்டி இல்லை, யாருக்கும் மகள் இல்லை. நல்லா இருந்தது அவளுக்கு. அவ்வளவு நல்லா இருந்தது.

எத்தனை நாளைக்கு? அடுத்த வீட்டு விஜிலா நெத்திலி காயப்போடத் தன் வீட்டு மாடிக்கு வந்தாள். சேலைகளுக்குக் கீழே இரண்டு கால் முன்னும் பின்னும் போவதும், ஒரு கயிறு காற்றில் விர்ர் என்று பறப்பதும் கண்டு சிலுவை போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். பாவம், நல்ல மனுஷி. ஜெஸ்லினுக்குக் காத்து கருப்பு ஏதோ பட்டிருக்கிறது என்று உண்மையாகவே பயந்து டயானாவிடம் சொன்னாள். டயானா தம்பியிடம் சொன்னாள், சொல்லிவிட்டதை ஜெஸ்லினிடமும் சொன்னாள். தம்பி போனில் ஒன்றும் கேட்கவில்லை. லீவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. கேட்காததுதான் ஜெஸ்லினை உலுக்கிவிட்டது. அவன் வந்து இறங்குகிறவரை சோறு உள்ளே போகவில்லை. திட்டட்டும் என்று இருந்தாள். ராடை ரெண்டாக ஒடிக்கட்டும். அப்படியாவது ஒரு சண்டை வந்தால் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடலாம்.

வந்தவன் பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தான். என் பொண்டாட்டி ஃப்ளை ராடு வீசுதா என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான். அவளைக் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனான், நாற்காலி போட்டு உட்கார்ந்தான், வீசு பாப்போம் என்றான். வீசினாள். கைதட்டினான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டயானா குடும்பத்தோடு வந்தாள். விஜிலாவும் வந்தாள். மஸ்கோத் அல்வாவும் மக்ரூனும் தட்டில் சுற்றி வந்தன. நடுவில் ஜெஸ்லின் வீசினாள். சேலைகள் மறைக்கிறது என்று கிளைட்டன் அவற்றை உருவிப் போட்டுவிட்டான். தரையில் கிடந்த சேலைகளை மிதித்துவிடாமல் அவள் தள்ளி நின்றுகொண்டாள். கையை இன்னும் தூக்கு, கொஞ்சம் சிரி, இந்தப் பக்கம் திரும்பு என்று அவன் போனில் எடுத்துக்கொண்டே இருந்தான். குடும்பக் குரூப்பில் போட்டான், கப்பல் குரூப்பில் போட்டான். கேப்டனே கட்டைவிரல் காட்டியிருக்கார் பாரு என்று கொண்டுவந்து காட்டினான். ஃப்ளை ராடு இத்தனை நாள் அலமாரியில் இருந்தது, இப்போது அதோடு அவளையும் சேர்த்து உள்ளே வைத்துக் கண்ணாடியைச் சாத்தினது மாதிரி இருந்தது அவளுக்கு.

லீவு முடிய நாலைந்து நாள் இருக்கும்போது கேமராக்காரன் ஏணியோடு வந்தான். உப்புக்காற்று தாங்குகிற புது மாடலாம். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குமேல் மாட்டச் சொல்லியிருந்தான் கிளைட்டன். கேமராக்காரன் ஒயர் எடுக்கக் கீழே போன சமயத்தில் ஜெஸ்லின் வாயைத் திறந்தாள்.

“இங்க வேண்டாம்.”

“ஏன்? நீ வீசுததை நான் அங்கன இருந்து பாக்க வேண்டாமா?”

“இந்த ஒரு எடத்துலயாவது என்னை யாரும் பாக்காம இருக்கட்டும்.”

கிளைட்டன் முகம் வாடிப்போனது. நடிப்பெல்லாம் இல்லை, நிஜமாகவே வாடிவிட்டது. நடுக்கடலில் இரும்புக்குள் வேலை செய்கிறவன், வீட்டைப் பார்ப்பதுதான் அவனுக்கு வீடு. அது அவளுக்கும் தெரியும்.

“நான் யாரோவா ஜெஸ்லின்?” என்றான்.

ஆமாம் என்றால் பாவம், இல்லை என்றால் மாடியும் போச்சு. கேமராக்காரன் ஒயரோடு வந்துவிட்டான். ஏணி ஆடியது, பிடிங்க அக்கா என்றான். அவள்தான் பிடித்துக்கொண்டாள்.

கிளைட்டன் கப்பல் ஏறினான். காலையில் போன் வரும், வெயில் ஏறுததுக்குள்ள கொஞ்சம் வீசேன் என்று. வீசுவாள். இன்னைக்குச் சூப்பர் என்பான். கப்பலில் சமையல்காரர் வரை பார்த்தார்கள். கை நன்றாகத்தான் பழகியது, லைன் சொன்ன இடத்தில் போய் விழுந்தது. ஆனால் வெறும் வேலையாகிவிட்டது அது. பாத்திரம் தேய்ப்பது மாதிரி, வாசல் தெளிப்பது மாதிரி. பின்னால் போன லைன் நேராகப் பொறுக்கிற அந்தக் கொஞ்ச நேரம்கூட, இப்போ அவன் பாத்துக்கிட்டு இருப்பான் என்ற நினைப்பில் போய்விடும். கடைசியில் தோள்வலி என்று பொய் சொல்லி நிறுத்தினாள். டயானா தைலத்தோடு வந்து உட்கார்ந்து தேய்த்துவிட்டாள். இல்லாத வலிக்கு அரைமணி நேரம் தோளைக் காட்டிக்கொண்டு இருந்தாள் ஜெஸ்லின்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலில் முதல் பூசை. பிரசங்கம் முடிந்து சாமியார் அறிக்கை வாசித்தார். ஞாயிறு ஓய்வை மீறிச் சிலர் தொழிலுக்குப் போவதாகக் கேள்விப்படுகிறேன், ஆண்டவருடைய நாளில் கடலுக்கும் ஓய்வு கொடுங்கள் என்றார். கேட்டுக் கேட்டுப் புளித்த பேச்சுதான். நம் கரையோர ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை படகு இறக்க மாட்டார்கள், வலை வீச மாட்டார்கள், தூண்டில் போட மாட்டார்கள். மீறினால் ஊர்க் கமிட்டி கூப்பிட்டு விசாரிக்கும். ஆம்பளைகள் பூசை முடிந்து சீட்டாடுவார்கள், கறிச்சோறு தின்றுவிட்டுத் தூங்குவார்கள். ஊரே கரையில் கிடக்கும். தண்ணீர்ப் பக்கம் ஒரு ஈ காக்கை இருக்காது.

வாங்குப்பலகையில் இருந்த ஜெஸ்லின் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். தண்ணீர்ப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள். புன்னைக்காயலில் பிறந்து வளர்ந்தவள் இது தெரியாமலா இருந்தாள்? அலையாத்தி மரங்களுக்கு நடுவே போகிற கால்வாய்கள் எல்லாம் இன்றைக்கு வெறிச்சென்று கிடக்கும். மலைக்குப் போக வேண்டாம், நியூசிலாந்துக்குப் போக வேண்டாம். பூசை முடிந்ததும் வீட்டுக்கு நடந்தாள், ஓடினாள் என்றே சொல்லலாம். சேலையை மாற்றிச் சுடிதார் போட்டாள். மாடியிலிருந்து ராடை எடுத்து, துணிக்கூடை கிணிக்கூடை ஒன்றும் இல்லாமல், கையில் பிடித்துக்கொண்டே ஹால் கேமராவுக்கு முன்னால் நடந்து வாசலைப் பூட்டினாள். பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் போன் அடித்தது. கிளைட்டன். எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக அதை அணைத்துப் பைக்குள் போட்டாள். செத்துட்டோம் என்றுதான் நினைத்தாள். ஆனாலும் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

புன்னைக்காயலில் இறங்கி அம்மா வீட்டுப் பக்கம் போகவில்லை. கோயிலுக்குப் பின்னால் சுற்றி, கரையேற்றிக் கட்டிக்கிடந்த படகுகளைத் தாண்டி, அலையாத்திக்குள் இறங்கினாள். செருப்பைக் கழற்றி மரத்தில் மாட்டினாள். சின்னக் கால்வாய்தான், ஒரு எட்டில் தாண்டிவிடலாம். கிளை தலைக்குமேல் இடித்தது. முழங்காலுக்குத் தண்ணீர், கணுக்காலுக்குச் சேறு. ஒரு சத்தம் இல்லை. குனிந்து, பக்கவாட்டில் தணித்து வீசினாள். பின்னால் கிளையில் மாட்டிக்கொண்டது. போய் எடுத்துவிட்டு வந்தாள். மறுபடி வீசினாள். மறுபடி மாட்டியது. சேலை விலகிக் கொடுக்கும், மரம் விலகாது. மாட்டினால் என்ன, பார்க்க யார் இருக்கிறார்கள்? அப்படி நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக நின்று சத்தமாகச் சிரித்தாள். அப்புறம் லைனை எடுக்காமல் உருட்டிப் போட்டாள். கிளைக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போய் நிழலில் விழுந்தது. ஒரு மடவை மீன் பக்கத்தில் துள்ளியது. அது அந்தச் சிவப்பு நூலைச் சட்டை செய்யவே இல்லை. அவளும் அதைச் சட்டை செய்யவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. ஏன் அழுத என்று கேட்க ஆள் இருக்கிற இடத்தில்தான் துடைக்க வேண்டும்.

வெயில் ஏறின பிறகு கரையிலிருந்து ஒரு அதட்டல் கேட்டது. ஊர்க் கமிட்டி ஃபிராங்க்ளின் மாமா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். யாரோ ஒரு பொம்பளை தூண்டிலோடு கால்வாய்ப் பக்கம் போகிறாள் என்று சீட்டுக் களத்தில் சேதி போயிருக்கிறது.

“ஏளா, ஞாயித்துக்கிழமை அதுவுமா தூண்டில் போடுத? ஒங்க அப்பன் ஒனக்கு இதைச் சொல்லித் தரலையா?”

ஜெஸ்லின் லைனைச் சுருட்டி நுனியை அவர் கையில் கொடுத்தாள். அவர் முள்ளைத் தேடினார். கம்பளி நூலைப் பிரித்துப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். முள் இல்லை. முள் இல்லாவிட்டால் அது தொழில் இல்லை. தொழில் இல்லாவிட்டால் கமிட்டிக்கு அங்கே வேலையும் இல்லை.

“அப்ப என்ன மயித்துக்கு ஏளா இதை வீசுத?”

“சும்மா மாமா.”

அவர் நுனியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவளைப் பார்த்தார். அழுத முகத்தையும் பார்த்தார். புருஷன் எங்கே, கூட யார் வந்தா என்றெல்லாம் கேட்பார் என்று நினைத்தாள். வெயிலா இருக்கு, தலையில துப்பட்டாவைப் போட்டுக்க என்று மட்டும் சொன்னார். வந்த வழியே திரும்பி நடந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த உபகாரத்தை இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒருத்தரும் செய்ததில்லை. அவர் மறைகிறவரை நின்று பார்த்துவிட்டு மறுபடி வீசினாள்.

மத்தியானம் சாய்ந்த பிறகு, பஸ் ஸ்டாப்பில் வந்து நின்று போனைப் போட்டாள். கொட்டித் தள்ளியது. டயானா, அம்மா, விஜிலா, கிளைட்டன், கிளைட்டன், கிளைட்டன். பார்த்துக்கொண்டு இருக்கும்போதே அவன் கூப்பிட்டான். எடுத்தாள். குரல் கட்டியிருந்தது. அழுதிருக்கிறான் என்று தெரிந்தது. அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. உனக்கு என்னமோ ஆயிட்டுன்னு நெனச்சிட்டேன், வேலை செய்ய முடியல, எங்க போன என்று கேட்டான். புன்னைக்காயல் கால்வாயில் நின்று வீசிவிட்டு வருகிறேன் என்று உள்ளதைச் சொன்னாள். அடுத்த ஞாயித்துக்கிழமையும் போவேன் என்றும் சொன்னாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வீடியோ காலைப் போட்டு நானும் பாத்திருப்பேம்லா?” என்றான்.

“அதுக்குத்தான் சொல்லல.”

அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. நெட் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தாள். போகவில்லை. அவன் அங்கேதான் இருந்தான், சிரிக்காமல் இருந்தான். தூத்துக்குடி பஸ் வந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். போய்ச் சேர வேண்டியது கேமரா மாட்டின அந்த வீட்டு வாசலுக்குத்தான்.